நீங்கள் அனுப்பும் லிங்க் ஏன் ஹோம் பேஜுக்கே போகிறது?

போன மாதம் அக்காவுக்கு வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தோம். நான் சென்னையில், அவள் கோவையில். வேலை மாற்றலாகி வருகிறாள். பிள்ளைக்குப் பள்ளி திறப்பதற்குள் வீடு அமைந்தாக வேண்டும். ஒரு வாடகை வீட்டுத் தளத்தைத் திறந்து ஒவ்வொரு ஃபில்டராகப் போட்டேன். வேளச்சேரி, இரண்டு படுக்கையறை, 18 ஆயிரத்துக்குள், தரைத்தளம் மட்டும் வேண்டவே வேண்டாம் (ஏன் என்று வேளச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை). கடைசியில் ஏழு வீடுகள் மிஞ்சின. அட்ரஸ் பாரில் இருந்ததை அப்படியே காப்பி செய்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். "பாரு, இதுல மூணாவது வீடு நல்லாருக்கு."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "எந்த ஊருன்னு கேக்குதுடா. மூணாவது வீடா, எங்க இருக்கு?"

போனில் விளக்க ஆரம்பித்தேன். இதை அழுத்து, அதை டிக் பண்ணு, கீழே வா. அவளுக்கு வந்த பட்டியலில் வரிசையே வேறு. அவள் பார்த்த மூன்றாவது வீடு வேறு, நான் பார்த்தது வேறு. ஒரு வழியாகச் சரியான வீட்டைக் கண்டுபிடித்து, சாயங்காலம் அவள் ஓனருக்கு போன் அடித்தபோது, "மத்தியானமே டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டேனேம்மா" என்றார்.

நெட் ஸ்லோ இல்லை. அக்கா போனிலும் கோளாறு இல்லை. நான் அனுப்பிய லிங்க்கில் வேளச்சேரியே இல்லை, அவ்வளவுதான். திரும்பப் போய் அட்ரஸ் பாரைப் பார்த்தேன். இத்தனை ஃபில்டர் போட்ட பிறகும் அங்கே தளத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். நண்பருக்கு அனுப்பிய செருப்பு லிங்க் கடையின் முகப்பைக் காட்டியிருக்கும். புக்மார்க் செய்து வைத்த ரிப்போர்ட் மறுநாள் வெற்று டேஷ்போர்டாக வந்திருக்கும். பேக் பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் மொத்தத் தளத்தைவிட்டே வெளியே வந்து விழுந்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றேதான். திரையில் நீங்கள் பார்ப்பது ஒன்று, முகவரி சொல்வது வேறு.

முகவரி எப்போது பொய் சொல்ல ஆரம்பித்தது?

இணையம் ஆரம்பித்த காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்திலிருந்து உலகுக்குத் திறந்துவிட்ட வலையில், ஒரு பக்கம் என்றால் ஒரு முகவரி. லிங்க்கை அழுத்தினால் பிரவுசர் சர்வரிடம் போய்ப் புதிய பக்கத்தைக் கேட்கும். சர்வர் கொடுக்கும். முகவரி மாறும். புக்மார்க், பேக் பட்டன் எல்லாமே இந்த ஏற்பாட்டை நம்பிக் கட்டப்பட்டவை. யாரும் தனியாக எதையும் டிசைன் செய்யத் தேவைப்படவில்லை.

2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். மேப்பை விரலால்... ஸாரி, அப்போது மவுஸ்தான், இழுத்தால் பக்கம் ரீலோட் ஆகாமலே அடுத்த தெரு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அது மாயாஜாலம் மாதிரி இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் சர்வரிடம் பேசி, தேவையான துண்டை மட்டும் வாங்கி, திரையில் ஒட்டிவிடும். அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இதையே முழுத் தளத்துக்கும் நீட்டினால் கிடைப்பதுதான் இன்று எங்கு பார்த்தாலும் இருக்கும் 'சிங்கிள் பேஜ் ஆப்'. பெயரே சொல்கிறது. உள்ளே நூறு திரைகள் இருக்கலாம். பிரவுசரைப் பொறுத்தவரை லோட் ஆனது ஒரே ஒரு பக்கம்.

சிக்கலும் அதனால்தான். பக்கம் மாறவில்லை என்றால் பிரவுசர் ஏன் முகவரியை மாற்ற வேண்டும்? ஆரம்ப கால கூகுள் மேப்ஸில் நீங்கள் சென்னையிலிருந்து டோக்கியோ வரை இழுத்துக்கொண்டு போனாலும் அட்ரஸ் பார் அசையாது. அதனால் மேப்பின் ஓரத்தில் 'இந்தப் பக்கத்துக்கான லிங்க்' என்று தனியாக ஒரு சுட்டியே வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால்தான் நீங்கள் பார்க்கும் இடத்துக்கான உண்மையான முகவரி கிடைக்கும். இன்றைக்கு அதே கூகுள் மேப்ஸை கம்ப்யூட்டரில் திறந்து அட்ரஸ் பாரைக் கவனியுங்கள். '@13.08,80.27' என்று அட்சரேகை, தீர்க்கரேகை, அடுத்து ஸூம் அளவு. மேப்பை நகர்த்தி நிறுத்தியதும் எண்கள் மாறும். லிங்க் பெற்றவருக்கும் கிட்டத்தட்ட அதே இடம், அதே உயரத்திலிருந்து தெரியும்.

ஒரு # செய்த உதவியும் உபத்திரவமும்

நடுவில் ஒரு பத்தாண்டு பட்ட பாடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய தளங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

இணைய முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவது, ஒரு நீண்ட பக்கத்தில் குறிப்பிட்ட பகுதிக்குத் தாவுவதற்காக வைக்கப்பட்டது. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. அதை மாற்றினால் பக்கம் ரீலோட் ஆகாது. ஆனால் பிரவுசரின் வரலாற்றில் பதிவாகும், பேக் பட்டனும் வேலை செய்யும். அட, இதுதானே நமக்கு வேண்டும் என்று டெவலப்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். தளம் எந்தத் திரையில் இருக்கிறதோ அதன் பெயரை #-க்குப் பின்னால் எழுதிவிடு, திரும்ப வரும்போது அதைப் படித்து அதே திரையைக் காட்டு. ஜிமெயிலின் வெப் பதிப்பு இன்றும் இப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் # குறிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. தபால் உறையில் தெருப் பெயரை மட்டும் வெளியே எழுதி, கதவு எண்ணை உள்ளே கடிதத்தில் எழுதின மாதிரி. கடிதம் தெரு வரை வரும். கதவு எண் வேண்டுமென்றால் யாராவது உறையைப் பிரிக்க வேண்டும். இங்கே பிரிக்கும் வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட்.

கூகுளின் தேடல் ரோபோவும் அப்போது இதைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறியது. 2009-ல் கூகுள் ஒரு ஏற்பாட்டை முன்வைத்தது. # குறியை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள், '#!' என்று பார்த்தால் எங்கள் ரோபோ அதை வேறு வடிவில் மாற்றி சர்வரிடம் கேட்டுக்கொள்ளும் என்றது. இதற்கு 'ஹேஷ்பேங்' என்று பெயர்.

2010 செப்டம்பரில் வந்த புதிய ட்விட்டர் இதைக் கையில் எடுத்தது. ஒருவரின் பக்கம் 'ட்விட்டர்.காம்/#!/பெயர்' என்றானது. லிங்க்கை அழுத்தினால் என்ன நடந்தது என்று பாருங்கள். சர்வருக்குப் போவது 'ட்விட்டர்.காம்/' மட்டும். யாருடைய பக்கம் என்று அதற்குத் தெரியாது. பொதுவான ஒரு கூட்டை அனுப்பும். பிரவுசர் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை இறக்கி, ஓட்டி, #-க்குப் பின்னால் இருக்கும் பெயரைப் படித்து, மறுபடி சர்வரிடம் போய் ட்வீட்டுகளைக் கேட்க வேண்டும். நெட் மெதுவாக இருந்தால் அதுவரை கண்ணுக்குத் தெரிவது காலி இடம்தான்.

2011 பிப்ரவரியில் கிஸ்மோடோ, லைஃப்ஹேக்கர் போன்ற தளங்களை நடத்திய காக்கர் நிறுவனமும் அதே பாணிக்கு மாறியது. மாறிய கையோடு ஜாவாஸ்கிரிப்டில் கோளாறு வந்து, அதன் தளங்கள் உள்ளடக்கமே இல்லாமல் நின்றன. கட்டுரைகள் சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தன. உறையைப் பிரிக்க ஆள் இல்லை.

ட்விட்டர் 2012 மே மாதம் பின்வாங்கியது. பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் பழைய முறைக்குத் திரும்பி, #! இல்லாத நேரடி முகவரிகளைக் கொண்டுவந்தது. முதல் ட்வீட் கண்ணில் படும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அதன் பொறியாளர் டான் வெப் அப்போது எழுதினார். கூகுளும் 2015-ல் அந்த #! ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் உலகம் முழுக்கச் செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் #! லிங்க்குகள் பரவிவிட்டன. சாதாரணமாக ஒரு முகவரி மாறினால், பழையதைக் கேட்டு வருபவரை சர்வரே புதிய இடத்துக்குத் திருப்பிவிடும். இங்கே சர்வருக்கு அந்தப் பகுதியே வந்து சேராது என்பதால் அப்படித் திருப்ப முடியாது. பழைய லிங்க்குகள் உயிரோடு இருக்க வேண்டுமென்றால், முகப்புப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை என்றென்றைக்கும் வைத்திருந்தாக வேண்டும். ஒரே ஒரு வடிவமைப்பு முடிவு, ஆனால் கணக்கு முடிவதே இல்லை.

இப்போது என்ன சாக்கு?

#! அலை அடித்த அதே காலத்தில் சரியான தீர்வும் பிரவுசர்களுக்குள் வந்துகொண்டிருந்தது. எச்டிஎம்எல்5-இன் 'ஹிஸ்டரி ஏபிஐ'. இதில் உள்ள 'புஷ்ஸ்டேட்' என்ற கட்டளை, பக்கத்தை ரீலோட் செய்யாமலேயே அட்ரஸ் பாரில் தளத்தின் பெயருக்குப் பின்னால் உள்ள முகவரியை மாற்றித் தரும். # தேவையில்லை. கிட்ஹப் 2010 டிசம்பரிலேயே தன் ஃபோல்டர்களுக்குள் நுழையும் திரையில் இதைப் பயன்படுத்திக் காட்டியது. 2012-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-ம் சேர்ந்துகொண்டது. இன்று ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்று எதில் எழுதினாலும் இதைக் கவனித்துக்கொள்ள 'ரௌட்டர்' என்ற துணைக்கருவி இருக்கிறது.

அப்புறமும் ஏன் அக்காவுக்கு வேளச்சேரி வரவில்லை? ஏனென்றால் கருவி முகவரியை மாற்றித் தரும், எதை முகவரியில் எழுத வேண்டும் என்று அது முடிவு செய்யாது. அதை யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பல டீம்களில் பட்டனின் நிறத்தைப் பற்றி மூன்று மீட்டிங் நடக்கும். முகவரியைப் பற்றி ஒன்றுகூட நடக்காது. கடைசியில் யார் கோட் எழுதுகிறாரோ அவர் அன்றைக்குத் தோன்றியதை வைத்துவிடுகிறார்.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

ஒரு திரையில் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன. எந்த ஊர், எந்த ஃபில்டர், எந்த வரிசை, எந்த டேப், பாதி டைப் செய்த கமென்ட், திறந்து கிடக்கும் மெனு, ஸ்க்ரோல் எங்கே நிற்கிறது என்பது வரை. எல்லாவற்றையும் முகவரியில் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. நான் பார்த்தவரை உதவும் கேள்வி இது: இந்த லிங்க்கை இன்னொருவர் திறந்தால், அவருக்கும் இது வேண்டுமா? வேளச்சேரியும் 18 ஆயிரமும் அக்காவுக்கு வேண்டும். என் திரையில் மெனு திறந்திருந்ததா இல்லையா என்பது அவளுக்கு வேண்டாம்.

முகவரியிலேயே இதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட பாதை, 'எது' என்பதைச் சொல்வதற்கு. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது, 'எப்படிக் காட்ட வேண்டும்' என்பதற்கு. '/சென்னை/வேளச்சேரி/வீடுகள்?அறை=2&வாடகை=18000&வரிசை=புதியது' என்று இருந்திருந்தால் அக்காவுக்கு நான் போனே செய்திருக்க வேண்டாம். பார்த்தாலே புரிகிறது. வாடகையை 20000 ஆக்க வேண்டுமென்றால் அங்கேயே எண்ணை மாற்றித் தட்டலாம். பழைய கைகள் இன்றும் அப்படிச் செய்வதுண்டு.

ஆனாலும் என் விஷயத்தில் இது பாதித் தீர்வுதான். 'மூணாவது வீடு' என்றேனே, அது ஓர் இடம்தான், வீடு இல்லை. அரை மணி நேரத்தில் இரண்டு புதிய வீடுகள் பட்டியலில் ஏறினால் மூன்றாவது ஐந்தாவதாகிவிடும். 'பக்கம் 4' என்று முடியும் லிங்க்குகளின் கதியும் இதேதான். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கே உரிய, மாறாத ஓர் எண்ணும் முகவரியும் வேண்டும். பட்டியலில் இருந்தபடியே அதைத் தட்டினால் மேலே ஒரு சின்னப் பெட்டியாகத் திறக்கிறதா? அப்போதும் முகவரி மாற வேண்டும். இன்ஸ்டாகிராமின் வெப் பதிப்பில் ஒருவரின் பக்கத்தில் இருக்கும் படத்தைத் தட்டிப் பாருங்கள். படம் பெட்டிபோல மேலே வரும், முகவரியோ அந்தப் படத்துக்கு உரியதாக மாறிவிடும். ரிஃப்ரெஷ் செய்தால் அதே படம் தனிப் பக்கமாக நிற்கும்.

வீடு வாடகைக்குப் போன பிறகு? பெரும்பாலான தளங்கள் சத்தமில்லாமல் முகப்புக்குத் தள்ளிவிடுகின்றன. லிங்க்கை அழுத்தியவருக்கு, தான் ஏதோ தவறாகத் தொட்டுவிட்டோமோ என்று தோன்றும். 'இந்த வீடு போய்விட்டது' என்று அதே முகவரியில் ஒரு வரி இருந்தால் போதும். இதற்கென்றே 404-ன் தம்பியாக 410 என்று ஒரு பதில் எண் இருக்கிறது. 'இருந்தது, இப்போது இல்லை' என்று அர்த்தம். அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

'இன்று' என்ற சொல்லும் வேலை காட்டும். தங்கம் விலைப் பக்கத்தை நீங்கள் புக்மார்க் செய்கிறீர்கள் என்றால் தினமும் அன்றன்றைய விலை வர வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு நகை எடுத்த அன்று விலை என்ன இருந்தது என்று மாமாவுக்கு அனுப்பும் லிங்க், அடுத்த வாரம் திறந்தாலும் அந்தத் தேதியின் விலையையே காட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு முகவரிகள். 'நாளைக்கு ரயில்' என்று தேடி அனுப்பும் லிங்க்கில் 'நாளை' என்று எழுதியிருந்தால், நாளை திறப்பவருக்கு நாளை மறுநாளின் ரயில் வரும். 'என் அருகில்' என்று தேடியதும் அப்படியே. யாருக்கு அருகில்?

மொழியை எங்கே வைப்பது என்பது நமக்கு முக்கியமான கேள்வி. நிறைய தளங்கள் நீங்கள் தமிழைத் தேர்ந்தெடுத்ததை உங்கள் பிரவுசரின் குக்கீயில் சேமித்துக்கொள்கின்றன. உங்களுக்குத் தமிழில் தெரியும். அதே லிங்க்கை அம்மாவுக்கு அனுப்பினால் ஆங்கிலத்தில் விரியும். அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பக்கமாக இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள், மொழி முகவரியின் முதல் எழுத்துகளிலேயே இருக்கிறது. யார் திறந்தாலும் தமிழ்தான்.

தமிழில் முகவரி எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம். அட்ரஸ் பாரில் அழகாகவும் தெரியும். காப்பி செய்து ஒட்டும்போதுதான் சில சமயம் முகம் மாறும். முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் சதவீதக் குறிகளும் எண்களுமாகக் குறியீடு செய்யப்படும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது எழுத்துகள் பிடிக்கும். 'சென்னை' என்ற சொல்லில் கம்ப்யூட்டர் கணக்குப்படி ஆறு குறிகள். ஆக 54 எழுத்துகள். ஒரு செய்தித் தலைப்பையே முகவரியாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல சமரசம் ஒன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இருக்கிறது. அங்கே முகவரியில் கேள்வியின் எண்ணும், பின்னால் தலைப்பும் வரும். அடையாளம் எண்தான். தலைப்பு மனிதர்கள் படிக்க. தலைப்பு வெட்டுப்பட்டாலும், பிறகு திருத்தப்பட்டாலும் லிங்க் சரியான கேள்விக்கே போகும்.

எழுதவே கூடாதவையும் உண்டு. போன் நம்பர், ஆதார் எண், லாகின் டோக்கன், பாஸ்வேர்டு. முகவரி என்பது ரகசியம் காக்கும் இடம் இல்லை. அது பிரவுசர் ஹிஸ்டரியில் தங்கும், சர்வர் பதிவேட்டில் தங்கும், ஸ்க்ரீன்ஷாட்டில் வரும், சித்தப்பா குரூப்பில் ஃபார்வர்டும் ஆகும். லாகின் அடையாளத்தைச் சுமக்கும் லிங்க்கை நல்லெண்ணத்தில் பகிர்ந்தால், திறப்பவர் உங்கள் கணக்குக்குள்ளேயே நுழைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பகிர்வதற்காகத்தான் முகவரி. பகிரக் கூடாததை அதில் வைத்தால் தப்பு பகிர்ந்தவர் மேல் இல்லை.

(எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு சட்டை லிங்க்கை அனுப்பினால் அது நான்கு வரிக்கு நீளும். அதில் சட்டையைப் பற்றி அரை வரிதான், மீதி நீங்கள் எந்த விளம்பரம் வழியாக வந்தீர்கள் என்று கம்பெனி தெரிந்துகொள்வதற்கான வால். அந்த வாலை வெட்டிவிட்டு அனுப்பினாலும் பெரும்பாலும் சட்டை வரும்.)

பேக் பட்டனை யார் கெடுத்தது?

முகவரியை மாற்றத் தெரிந்ததும் சிலர் அளவுக்கு மீறிப் போனார்கள். தேடல் பெட்டியில் 'மதுரை' என்று டைப் செய்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் வரலாற்றில் ஒரு பதிவு. வெளியே வர பேக் பட்டனை அத்தனை முறை அழுத்த வேண்டும். மேப்பை இழுக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் பதிவு செய்தால் சொல்லவே வேண்டாம். சஃபாரி பிரவுசர் குறுகிய நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் இப்படிச் செய்தால் பிழை காட்டி நிறுத்தியே விடும்.

இதற்கும் கட்டளை தயாராக இருக்கிறது. 'புஷ்ஸ்டேட்' வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கும். 'ரீப்ளேஸ்ஸ்டேட்' இருக்கும் பதிவையே திருத்தும். வீட்டுப் பட்டியலிலிருந்து ஒரு வீட்டுக்குள் போனால் முதலாவது. வாடகை ஸ்லைடரை 15-லிருந்து 18-க்கு இழுக்கும்போது இரண்டாவது. பேக் பட்டனை அழுத்தும் மனிதர் எங்கே போக நினைப்பார் என்று யோசித்தால் எதைப் பயன்படுத்துவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இன்னொரு பிரபலமான விபத்து, ரிஃப்ரெஷ் செய்தால் வரும் 404. உள்ளேயே சுற்றும்போது '/சென்னை/வேளச்சேரி' அழகாக வரும், ஏனென்றால் அந்தத் திரையை வரைவது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். அதே முகவரியை நண்பர் நேரடியாகத் திறந்தால் கேள்வி சர்வருக்குப் போகும். சர்வரிடம் இருப்பதோ ஒரே ஒரு பக்கம். 'வேளச்சேரியா? அப்படி ஒன்றும் இங்கே இல்லையே' என்று கையை விரித்துவிடும். டெவலப்பரின் கம்ப்யூட்டரில் இது பெரும்பாலும் தலைகாட்டாது, அங்கே இருக்கும் டெவலப்மென்ட் சர்வர் இதைச் சமாளித்துவிடும். லைவ் போன அன்றுதான் வெளியே வரும். எந்தப் பாதையைக் கேட்டாலும் அந்த ஒரே பக்கத்தைக் கொடு என்று சர்வரில் அமைத்தால் சரியாகும். ஆனால் அப்படி விட்டால் இல்லாத முகவரிக்கும் சர்வர் 'எல்லாம் சரி' என்றே பதில் சொல்லும். திரையில் 'காணவில்லை' என்று இருக்கும், கூகுளுக்கு 'இருக்கிறது' என்று போகும். அதையும் கவனிக்க வேண்டும்.

பத்து வருடம் கழித்துத் திறப்பவர்

டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று தலைப்பிட்டு ஒரு குறிப்பு எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் கோபம். அவர் பேச்சை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஆதாரமாகக் காட்டப்பட்ட லிங்க்குகளில் சுமார் பாதி, மேற்கோள் காட்டிய தகவலுக்கு இட்டுச்செல்லவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்திருந்தார்கள். தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அது எதை நம்பி எழுதப்பட்டதோ அதைத்தான் பார்க்க முடியவில்லை.

தளத்தைப் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு முறையும் பழைய முகவரிகளைக் கொன்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. 'அறை' என்று இருந்ததை 'படுக்கையறை' என்று மாற்றும் டெவலப்பர், பழைய பெயரோடு வரும் லிங்க்கையும் புரிந்துகொள்ளும்படி இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். புரியாத ஒரு சொல் வந்தால் மொத்தத்தையும் தூக்கி எறியாமல், புரிந்த வரைக்கும் காட்டலாம். வாடகை வரம்பு தெரியவில்லையா, வேளச்சேரியையாவது காட்டலாமே.

நீங்கள் டெவலப்பராக இருந்தால் அடுத்த ரிலீஸுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தளத்தில் நாலு க்ளிக் உள்ளே போய், லிங்க்கை காப்பி செய்து, இன்காக்னிடோ விண்டோவில் ஒட்டுங்கள். பிறகு லாகின் இல்லாத இன்னொரு போனில். பேக் அழுத்துங்கள், ரிஃப்ரெஷ் அழுத்துங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. லாகின் கேட்டால், லாகின் முடிந்ததும் முதலில் கேட்ட பக்கத்துக்கே போகிறதா என்று பாருங்கள். ஹோம் பேஜுக்குப் போய்விடும் தளங்கள்தான் அதிகம்.

வெறுமனே பயன்படுத்துபவராக இருந்தால், ஃபில்டர் போட்ட பிறகு அட்ரஸ் பாரை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். மாறியிருந்தால் தைரியமாக அனுப்பலாம். மாறவில்லை என்றால் 'ஷேர்' பட்டன் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்க்ரீன்ஷாட்தான் வழி. அவசர வேலைக்கு நான் இப்போது லிங்க், ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

அக்காவுக்கு மடிப்பாக்கத்தில் வீடு கிடைத்துவிட்டது, தெரிந்தவர் மூலம். போன வாரம் சும்மா அந்தத் தளத்தைத் திறந்து அதே ஃபில்டர்களைப் போட்டுப் பார்த்தேன். ஊர் பெயரும் பகுதியும் இப்போது முகவரியில் வருகின்றன. வாடகையும் அறைகளின் எண்ணிக்கையும் இன்னும் வரவில்லை.